இடம் மாறாத என் இதயமும் காசிராஜனின் வலது தோளும்

அனுப்புநர்:
பெ. சுப்புத்தாய் (வயது 44),
அச்சகத்தில் பிலிம் சரிபார்ப்பவர்,
நாரணாபுரம், சிவகாசி வட்டம்.

பெறுநர்:
உயர்திரு இணை இயக்குநர் அவர்கள்,
மருத்துவப் பணிகள்,
விருதுநகர் மாவட்டம்.

பொருள்: பழைய எக்ஸ்ரே படங்களைப் புதிய கம்ப்யூட்டரில் ஏற்றியதில் இடம் வலமானது – வியாழக்கிழமை நடக்கவுள்ள அறுவை சிகிச்சையை நிறுத்தக் கோருவது – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த மாதம் தீராத இருமலுக்காக, இணைப்பில் பெயர் குறித்துள்ள தனியார் மருத்துவமனைக்குச் சென்றேன். 2002இல் அங்கே எடுத்த என் எக்ஸ்ரேயைப் புதிய கம்ப்யூட்டரில் திறந்த மருத்துவர், எனக்கு இதயம் வலப்பக்கம் இருப்பதாகக் கூறி மிகவும் மகிழ்ந்தார். பயிற்சி மருத்துவர்கள் ஆறு பேரை அழைத்துக் காட்டினார். ஆறு பேரும் திரையைத்தான் பார்த்தார்கள். என் நெஞ்சில் யாரும் துடிப்புக் கேட்கும் குழலை வைக்கவில்லை. இருமலுக்கு இன்றுவரை மருந்தும் எழுதவில்லை.

2. நானும் திரையைப் பார்த்தேன். மூலையில் இருந்த 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தும் தேதியும் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியிருந்தன. பதினாறு வருடங்களாகக் காலண்டர் பிலிம் சரிபார்ப்பதே என் வேலை. திருப்பிப் போட்ட பிலிம் எனக்குப் பார்த்தவுடன் தெரியும். படங்களை ஏற்றிய ஊழியர் தருண்குமாரிடம் சொன்னேன். "பழைய படம் எல்லாத்தையும் ஒரே மூச்சுல ஏத்துனோம். கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாதுக்கா" என்றார். "அப்ப எல்லாமே திரும்பித்தான் கிடக்கும், தம்பி" என்றேன். டோக்கன் முடிந்ததாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

3. என் கணவர் பெத்தணன் வற்புறுத்தியதால் புதிதாக ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். அதில் இதயம் இடப்பக்கம் இருந்தது. இத்துடன் முடியும் என்று நம்பினேன். மருத்துவரோ இரண்டையும் ஒப்பிட்டு, ஆறு ஆண்டுகளில் என் இதயம் வலமிருந்து இடம் நகர்ந்துள்ளதாகச் சீட்டில் எழுதி, பட்டாசு மருந்துத் தூசி காரணமா என்று ஆராயப்போவதாகவும் கூறினார். நான் பட்டாசுக் கம்பெனி வாசலைக்கூட மிதித்ததில்லை, ஐயா.

4. இச்செய்தி சாத்தூர் வரை போனது. அங்கேதான் என் மகள் ஆர்த்திக்கு வரன் பேசியிருந்தோம். மாப்பிள்ளையின் தாயார் போன் செய்து, "நிலையா ஒரு இடத்துல நிக்காத இதயமாம்ல? பிள்ளைக்கும் அப்படி இருந்தா என்ன செய்யிறது?" என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன். நல்லவேளையாக, இருக்கன்குடி கோயிலில் ஆர்த்தியைப் பார்த்த அந்த அம்மாள், கட்டிக்கொள்வதுபோல் அவள் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இடப்பக்கந்தான் துடிக்கு, மதினி" என்று அங்கேயே பூ வைத்துவிட்டார். படித்தவர்கள் ஏழு பேர் செய்யாத சோதனையை அவர் அரை நிமிடத்தில் முடித்தார்.

5. ஆகவே என் குடும்பத்துக்காக நான் இம்மனுவை எழுதவில்லை. எங்கள் தெருவைச் சேர்ந்த காசிராஜனுக்கு, பழைய விபத்தில் தோளில் புகுந்த இரும்புத் துணுக்கை வரும் வியாழக்கிழமை இதே மருத்துவமனையில் எடுக்கவிருக்கிறார்கள். பார்ப்பது பழைய படத்தைத்தான். கம்ப்யூட்டரில் துணுக்கு இடத் தோளில் தெரிகிறது. காசிராஜனுக்கு வலிப்பது வலத் தோள். "எனக்கு வலிக்கிறது எனக்குத் தெரியாதாங்க?" என்று அவர் கேட்டதற்கு, வலி சில நேரம் பக்கம் மாறித் தோன்றும் என்று பதில் கிடைத்திருக்கிறது.

6. எனவே, அறுவை சிகிச்சையை நிறுத்தி, காசிராஜனுக்குப் புதிதாகப் படம் எடுக்கவும், ஏற்றிய பழைய படங்கள் அனைத்தையும் சரிபார்க்கவும் தாங்கள் உடனே உத்தரவிட வேண்டுகிறேன். பிலிமின் நேர்ப்பக்கம் தெரிந்த ஆள் அங்கே இல்லையெனில், எங்கள் அச்சகப் பெண்கள் ஒன்பது பேர் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துத் தரச் சம்மதிக்கிறோம்.

தங்கள் உத்தரவு வியாழனுக்குள் வராமல் போகலாம் என்பதால், காசிராஜனின் வலத் தோளில் 'இந்தத் தோள்' என்று அச்சு மையால் பெரிதாக எழுதியிருக்கிறேன். மயக்க ஊசி போட்டபின் அவரால் வாய் திறந்து சொல்ல முடியாது. அந்த மை பத்து நாளைக்கு அழியாது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்) பெ. சுப்புத்தாய்

இடம்: நாரணாபுரம்
நாள்: 14.07.2008