குளிப்பாட்டிய குட்டி

1978 பங்குனி, ஞாயிறு இரவு.

வசந்தாவை அப்படித் திட்டியிருக்கக் கூடாது.

ஞாயிறுதோறும் தோட்டத்தில் உதவ வரும் கல்லூரிப் பிள்ளைகளில் அவளுக்குத்தான் ஆடுகள் மேல் பிரியம் அதிகம். இன்று காலை வெள்ளாடு குட்டி போட்டது. நான் கிணற்றடிக்குப் போய்த் திரும்புவதற்குள் குட்டியைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, தன் துண்டால் துவட்டிவிட்டாள். தாய் முகர்ந்து பார்த்தது. யார் குட்டியோ என்று முட்டித் தள்ளியது.

"அறிவிருக்கா பிள்ள உனக்கு? வாசனைய வச்சுத்தானே ஆடு குட்டிய அடையாளம் பாக்கும்? இனி நீயே பால் குடுத்து வளத்துக்க" என்று கத்தினேன்.

"பவுடர் போடலையா தாயி?" என்றான் கூட வந்த முருகேசன். எல்லோரும் சிரித்தார்கள்.

"நீங்கதானே அண்ணே எல்லாத்தையும் சுத்தமா வச்சுக்கச் சொன்னீங்க?"

அவ்வளவுதான் கேட்டாள். போயிட்டு வாரேன் என்றுகூடச் சொல்லாமல் ஆரப்பாளையம் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

நான் அப்படிச் சொன்னது உண்மைதான். பிறந்த குட்டியைக் கழுவக் கூடாது என்று மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

மாலையில் தாயின் பாலைக் கறந்து குட்டியின் முதுகில் தடவினேன். உப்புச் சுவைக்காவது நக்கட்டும் என்று உப்புத் தண்ணீர் தெளித்தேன். வெகுநேரம் முட்டிய ஆடு மெல்ல நக்கத் தொடங்கியது. இருட்டுவதற்குள் பாலும் கொடுத்துவிட்டது.

இதை வசந்தாவிடம் சொல்ல வேண்டும். வீடு சிம்மக்கல் பக்கம் என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. கேட்டதே இல்லை.

அவள் விட்டுப்போன துண்டின் மேல்தான் குட்டி தூங்குகிறது. தாய் ஆடு அந்தத் துண்டையும் நக்கிக்கொண்டிருக்கிறது.