தலைக்கு மட்டும் திறந்த குழாய்

மார்ச் 3, செவ்வாய்

இன்றைக்கு மானம் போயிற்று. மகளின் ஸ்கேன் திரையைப் பார்த்து, "மூக்கு அப்படியே என் மூக்கு" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டேன். அது முழங்கால் என்றாள் படம் எடுத்த பெண். மகள் சிரித்த சிரிப்பில் கட்டிலே ஆடியது. மாசத்துக்கு மகளின் வயிறு சின்னதாக இருக்கிறதே என்று கேட்டோம். பிள்ளையின் தலை சரியான அளவில் இருக்கிறது, கவலை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

மார்ச் 9, திங்கள்

பொடிசு முன்னைப் போல உதைப்பதில்லையாம். சமத்துப் பிள்ளை, தாயைப் படுத்தாது என்கிறார் சம்பந்தியம்மா. நான் சும்மா இருப்பேனா? "மாப்பிள்ளையை உரிச்சு வச்சுப் பொறக்கப்போகுது. எழுப்பினாத்தான் எழுந்திருக்கும்" என்றேன். மாப்பிள்ளையும் சிரித்தார். மகள் மட்டும் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை.

மார்ச் 11, புதன்

அதே ஸ்கேன் இடத்துக்குப் போய்ச் சொன்னாளாம். இனிப்பாக ஏதாவது குடித்துவிட்டுப் படு என்றார்களாம். குடித்தாள், படுத்தாள். அசைவே இல்லை. நாளைக்குப் பெரிய ஆஸ்பத்திரி.

மார்ச் 12, வியாழன்

எழுத்து கோணுகிறது. இருக்கட்டும்.

நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யவில்லை என்கிறார் டாக்டரம்மா. பிள்ளைக்கு ஆக்ஸிஜன் போதவில்லை. குறைந்ததும் பிள்ளையே ரத்தத்தை மூளைப் பக்கம் திருப்பிவிடுமாம். மூளைக்குப் போகிற குழாய் அகலமாகும். குடல், சிறுநீரகம், கை கால் பக்கம் சுருங்கும். அசைந்தால் செலவாகும் என்று அசைவையும் குறைத்துக்கொள்ளும். அதனால்தான் தலை சரியாக இருக்கிறது, உடம்பு வற்றிக் கிடக்கிறது.

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனால் குழாய் வேலைக்காரனுக்கு இது புரியாதா? தொட்டியில் தண்ணீர் குறைந்தால் தோட்டத்தை மூடு, குளியலறையை மூடு, சமையலறையை மட்டும் திறந்து வை. இதையே சொன்னால் அடுக்குமாடிக்காரர்கள் கார் கழுவ வேண்டும் என்று சண்டைக்கு வருவார்கள். இது இன்னும் பிறக்கவே இல்லை, அதற்குள்—

தலை சரி, தலை சரி என்றார்களே, உடம்பு ஏன் சின்னது என்று ஒருத்தர் யோசித்தாரா? மூச்சுக்கு அல்லாடுற பிள்ளை சமத்தா? என் வாயைத்தான் முதலில் தைக்க வேண்டும்.

"அப்படியே சமாளிச்சுக்குமா டாக்டர்?"

"கொஞ்ச நாளைக்குத்தான். அப்புறம் மூளையும் தாங்காது. முன்னாடியே எடுத்துடணும்."

நுரையீரல் சீக்கிரம் பக்குவப்பட மகளுக்கு ஊசி போட்டு, அங்கேயே படுக்க வைத்துவிட்டார்கள்.

மார்ச் 13, வெள்ளி

மாசம் நிறையாமல் எடுக்கக் கூடாது என்று சம்பந்தியம்மா ஒரே பிடி. மாப்பிள்ளை அம்மா முகத்தைப் பார்க்கிறார், கூரையைப் பார்க்கிறார், பெண்டாட்டியை மட்டும் பார்க்க மாட்டேன் என்கிறார். வார்டு என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். மகள்தான் அடக்கினாள்.

"அப்பா, வாயை மூடு. அத்தை, நீங்களும்தான். அது உள்ள பாதிப் பட்டினி கெடக்குது. நாளைக்கு எடுக்கச் சொல்லிட்டேன்."

மாப்பிள்ளை அப்போதுதான் அவளைப் பார்த்தார். "நான் கையெழுத்துப் போடறேன்" என்றார். அவளே போட்டுவிட்டிருந்தாள்.

மார்ச் 14, சனி

பெண். அழுதாள். என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடுவாள்.

மார்ச் 20, வெள்ளி

மூளையை ஸ்கேன் செய்தார்கள். இப்போதைக்குக் கெடுதல் தெரியவில்லை, வளர வளரப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். இந்த 'இப்போதைக்கு' என்கிற சொல்லை எவன் கண்டுபிடித்தானோ.

மனசு கேட்காமல் பழைய ஸ்கேன் இடத்துக்குப் போனேன். அளவு சரியாகத்தானே இருந்தது என்றாள் அந்தப் பெண், தலையைத் தூக்காமல். "முழங்காலை மூக்குன்னதுக்கு என்னை உடனே திருத்தினியேம்மா. அந்த அக்கறையில பாதியைப் பிள்ளை வயித்து மேல வச்சிருக்கக் கூடாதா?" என்றேன். அடுத்தவர் வரலாம் என்றாள். வெளியே ஒரு கர்ப்பிணிப் பெண் உட்கார்ந்திருந்தாள். அசைவு குறைந்தால் இனிப்பு குடித்துப் படுக்காதே, நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன். என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும்.

ஏப்ரல் 5, ஞாயிறு

பால் ஊட்ட மூக்கில் விட்டிருந்த குழாயை எடுத்துவிட்டார்கள். தாயிடம் தானே குடிக்கிறாள். குறைமாசப் பிள்ளைகளை வைக்கிற கண்ணாடிப் பெட்டி அறையிலேயே இவள் அழுகைதான் பெரிது, மற்ற பிள்ளைகள் தூங்க முடியவில்லை என்று நர்ஸ் குறைபட்டுக்கொண்டார். சம்பந்தியம்மா அதைப் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்கிறார்.

இன்றைக்குத்தான் என்னை உள்ளே விட்டார்கள். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார்கள். குழாயைத் திருகினேன். கைப்பிடி கழன்று கையோடு வந்துவிட்டது. தண்ணீர் நிற்கவில்லை. குழாய் வேலைக்காரரைக் கூப்பிடுங்கள் என்று நர்ஸ் யாரிடமோ சொன்னார். நான் கைப்பிடியைத் தொட்டி ஓரத்தில் வைத்துவிட்டுப் பேத்தியைப் பார்க்கப் போனேன்.