உன் ஸ்லைடும் என் கன்னமும்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நேற்று உன் அடக்கத்துக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் போனால் இதில் பாதியாவது வருமா என்று தலைகளை எண்ணிக்கொண்டே வந்தவன், உன் வீட்டுப் படியில் தடுக்கி விழுந்தேன். "ஏனுங்க மாமா, பாத்து வரக் கூடாதுங்களா" என்று உன் மகள் என் முட்டியில் டிஞ்சர் அயோடின் போட்டுவிட்டாள். அந்த நெடி ஏறியதும், ஏற்காட்டில் நாம் பிளஸ் ஒன் படித்த உயிரியல் லேப் கண்முன் வந்துவிட்டது.

நீ கடைக்காரர் மகன். நான் நாகலூர் காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரின் மகன். காப்பிக்கொட்டையைத் தரம் பிரிப்பதைப் பார்த்து வளர்ந்ததால், உலகத்தில் எதையும் பிரித்துவிடலாம் என்று எனக்கு ஒரு கர்வம். தாவரம் இந்தப் பக்கம், விலங்கு அந்தப் பக்கம். நீயோ ஏரித் தண்ணீரில் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்து, பச்சையாகவும் இருந்துகொண்டு நீந்தவும் செய்கிற யூக்ளினாவைப் பிடித்தாய். எந்தப் பக்கம் எழுதுவது என்று சாரே யோசிக்க, நீ போர்டில் இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டாய்.

"பேரு வெக்கலியாடா?" என்றேன்.

"அவசரமில்லடா, அது பாட்டுக்கு நீந்தட்டும்."

வகுப்பே சிரித்தது. எனக்கு வயிறு எரிந்தது.

சேலம் அறிவியல் கண்காட்சிக்கு ஒருவனைத்தான் அனுப்புவார்கள். தேர்ந்தெடுக்க வெளியூரிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். அவர் லேபுக்குள் வருவதற்குள் உன் ஸ்லைடை ஒளித்தேன். என் உள்கன்னத்தைக் குச்சியால் சுரண்டி, வேறொரு கண்ணாடியில் தடவி, அயோடின் ஒரு சொட்டு விட்டு, அந்த இடத்தில் வைத்தேன். பழக்கத்தில் யூக்ளினா என்று உளறி அசடு வழிவாய் என்பது என் கணக்கு.

நீ குனிந்து பார்த்தாய். நிமிராமலே சொன்னாய்:

"இது என்னுதில்லீங்க மேடம். செல்லுக்குச் சுவரில்ல, பிராணி செல்லுங்க. கன்னத்துல சுரண்டுனது. சுத்தி நீலமா நிக்கறது மாவுமணிங்க. ஆளு காலைல மரவள்ளிக் கெழங்கு தின்னுட்டு வாய் கொப்புளிக்கலீங்க."

அந்த அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்து, உன்னையே தேர்ந்தெடுத்தார். என் வாயில் இருந்ததை வைத்தே ஜெயித்தவன் நீ. யார் வாய் என்று மட்டும் சொல்லவில்லை. வெளியே வந்ததும், "நல்லா கழுவுடா சாமி" என்றாய். அந்தப் பெருந்தன்மைக்கும் சேர்த்துத்தான் இத்தனை வருடம் பொறாமைப்பட்டேன். இன்றும் எதைத் தின்றாலும் மூன்று முறை வாய் கொப்புளிக்கிறேன்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. கண்காட்சி நடந்த வாரம் மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. நீ சேலம் போகவே இல்லை.