பதினேழாம் நம்பர் வண்டியும் என் பிரஷரும்

மார்ச் 3, திங்கள்

மேலே 168, கீழே 104. டிப்போ டாக்டர் நம்பாமல் இன்னொரு தடவை எடுத்தார். இன்னும் நாலு கூடியது.

"என்னம்மா, வர்ற வழியில யாரையாவது அடிச்சுட்டு வந்தீங்களா?" என்றார்.

அடிக்கவில்லை. ஒரு வேன்காரனின் ஏழு தலைமுறையையும் இழுத்துவிட்டு வந்திருந்தேன், அவ்வளவுதான். அதை அவரிடம் சொல்லவில்லை.

பத்தொன்பது வருடமாக பஸ் ஓட்டுகிறேன். வருடா வருடம் பரிசோதனையில் கண், காது, முட்டி எல்லாம் பாஸ். இந்த வருடம் பிரஷரில் கோட்டை விட்டுவிட்டேன். "மாத்திரைக்கு முன்னாடி மூணு வாரம் டைம் தர்றேன். உப்பைக் குறைங்க, நடங்க, டென்ஷனைக் குறைங்க. 24ஆம் தேதி 140க்குக் கீழே வரணும். வரலைன்னா ஸ்டியரிங்கைத் தொட முடியாது."

தொடாமல் எங்கே போவதாம்? தொலைந்த பொருள் அறைக்கு. டிப்போவின் பின்னால், ஜன்னலில்லாத அறை. நூறு குடை, ஒற்றைச் செருப்புகள், யாரோ மறந்துவிட்டுப் போன பல் செட். அவற்றுக்கு நடுவில் ஒரு நாற்காலி போட்டு என்னை.

கூடாது. செத்தாலும் கூடாது. — சாகவும் கூடாது, அதுதானே இப்போது பிரச்சினையே!

மார்ச் 4

வீட்டில் இவரிடம் சொல்லியிருக்கவே கூடாது. பள்ளிக்கூடத்தில் லேப் உதவியாளர் வேலை. எதைக் கையில் கொடுத்தாலும் ஆராய்ச்சி. ஞாயிற்றுக்கிழமை இணைப்பிலிருந்து "காசு செலவில்லாமல் மனதை லேசாக்க இருபது வழிகள்" என்ற பக்கத்தை வெட்டி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டார். பக்கத்தில் ஒரு வரைபடத் தாள். தினம் ஒரு வழி, சாயங்காலம் அளவு, சிவப்பு மையில் புள்ளி.

அளக்க மெஷின்? அடுத்த தெருவில் இவருடைய அக்காவிடம் இருக்கிறது. என் நாத்தனார் மெஷினைக் கொடுத்தனுப்புகிற ஆள் இல்லை. அவரே கொண்டு வந்து, அவரே பட்டையைக் கட்டி, அவரே படித்து, அவரே புள்ளியும் வைப்பார்.

"டீயில சர்க்கரை அதிகம் போடறே. அப்பவே சொன்னேன்" என்றார், பட்டையைக் கட்டும்போதே.

172.

மார்ச் 5

வழி ஒன்று: மூச்சுப் பயிற்சி. நாலு எண்ணும்வரை இழு, ஏழு எண்ணும்வரை பிடி, எட்டு எண்ணும்வரை விடு. சிக்னலில் செய்து பார்த்தேன். நான் எட்டுக்கு வருவதற்குள் பச்சை விழுந்து, மறுபடி சிவப்பும் விழுந்துவிட்டது. பின்னால் இருந்தவர்கள் ஹாரனை அமுக்கியபடியே இருந்தார்கள்.

170. இரண்டு குறைந்திருக்கிறதே என்று இவர் துள்ளினார்.

மார்ச் 6

கண்ணாடி முன் ஐந்து நிமிடம் சிரிக்க வேண்டுமாம். சிரித்தேன். மூன்றாவது நிமிடத்தில் மாடி வீட்டு அம்மா கதவைத் தட்டிவிட்டார். "ஒண்ணுமில்லைங்க, வைத்தியம் நடக்குது" என்று இவர் பவ்யமாகச் சொன்னதைக் கேட்டதும்தான் நிஜமாகவே சிரிப்பு வந்தது. 166.

மார்ச் 7

குளிர்ந்த தண்ணீர் வாளியில் கால். உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். விரலெல்லாம் சுருங்கியது, பிரஷர் சுருங்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

வழி ஐந்து: பழைய பேப்பரைக் கிழிப்பது. அடடா! இத்தனை வருடம் இந்தச் சுகம் தெரியாமல் இருந்துவிட்டேனே! நீளமாக, ஓசையோடு, ஒரே இழுப்பில். மேஜைமேல் இருந்ததையெல்லாம் கிழித்தேன். எடைக்குப் போட வைத்திருந்த கட்டு முழுவதும் தீர்ந்தது. கடைசியில் பார்த்தால், நோட்டில் எழுதிக்கொள்ள ஃபிரிட்ஜிலிருந்து இவர் எடுத்து வைத்திருந்த இருபது வழிகளும் அதில் போய்விட்டன.

"ஆராய்ச்சிக் கட்டுரையையே கிழிச்சுட்டியேடி!"

தரையில் மண்டிபோட்டுத் துண்டுகளைப் பொருத்திப் பார்க்கிறார் மனுஷன். பதினொன்றாவது வழியில் ஒரு டயர் விளம்பரம் ஒட்டிக்கொண்டது. இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டோம். நாத்தனார் வந்தபோது நாங்கள் இன்னும் தரையில்தான் கிடந்தோம்.

158! அவருக்கு மெஷின்மேல் சந்தேகம். தனக்கே கட்டி ஒரு தடவை அளந்து பார்த்துக்கொண்டார்.

மிஞ்சியது ஒன்றரை வழி. ஏழு: "முணுமுணுத்துப் பாடுங்கள்." எட்டு, பாதி: "கோபமூட்டுகிறவருக்கு நல்ல வார்த்தை சொல்லிப் பா—". போதும். ஒன்றரையை வைத்துக்கொண்டு பார்ப்போம்.

மார்ச் 10, திங்கள்

வண்டியில் நிறுத்தத்தின் பெயர் சொல்லும் குரல் பெட்டி செத்து இரண்டு மாதம் ஆகிறது. மைக் பொத்தானை அழுத்திக்கொண்டு நாங்களே சொல்ல வேண்டும். முன்பக்க ஸ்பீக்கரும் போய்விட்டது, பின்பக்கம் மட்டும்தான். நான் சொல்வது இன்ஜின் சத்தத்தில் எனக்கே கேட்காது. போதாததற்கு இன்று காலை டீயை அந்தப் பொத்தான்மேல் கொட்டித் தொலைத்தேன். பிசுபிசுக்கிறது. துடைத்தேன்.

நாள் முழுக்க முணுமுணுத்தேன். பாட்டு எதுவும் இல்லை, வாய்க்கு வந்த ராகம். மூன்றாவது சிக்னலில் ஒரு கார் குறுக்கே பாய்ந்தது. வழக்கமான வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, "போங்க ராசா, போங்க. வீட்ல பாலை அடுப்புல வச்சுட்டு வந்துட்டீங்களா? அணைச்சுட்டு நிதானமா வாங்க" என்றேன்.

உள்ளே ஏதோ குறுகுறுவென்றது. சின்ன வயதில் ஊஞ்சலில் வேகமாக ஆடினால் வருமே, அது.

மார்ச் 11

செல்போனைக் காதில் இடுக்கியபடி ஒரு பைக்: "தம்பி, போன்ல யாரு? நான் விசாரிச்சதா சொல்லுங்க. ஓரமா நின்னு பேசினா அவங்க சொல்றது இன்னும் நல்லா கேக்கும்."

இன்று பின் சீட்டில் ஒரே சிரிப்பு. கல்லூரிப் பிள்ளைகள் போலிருக்கிறது. அந்த வயதில் எதற்குத்தான் சிரிப்பு வராது!

152. நாத்தனார் புள்ளியை மிகச் சின்னதாக வைத்தார்.

மார்ச் 12

ஒரு மர்மம். பச்சைக் குடையோடு தினமும் ஏறுகிற அம்மா இறங்கும்போது என்னிடம் கேட்கிறார்: "நேத்து உங்க நாத்தனார் என்ன சொன்னாங்க? டீயில சர்க்கரை குறைச்சாச்சா?"

இவருக்கு எப்படித் தெரியும்? எனக்கு நாத்தனார் இருப்பது தெரியலாம், டீயும் சர்க்கரையும்? ஒரே பதில்தான். பச்சைக் குடை நாத்தனாரின் ஆள்.

இவரிடம் சொன்னேன். "எங்க அக்கா ஒற்றர் படை வேற வச்சிருக்காளா?" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

மார்ச் 13

டேஷ்போர்டில் யாரோ தொண்டை மிட்டாய் பொட்டலம் ஒன்றை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்குத் தொண்டையே கரகரக்கவில்லை. உலகம் முழுக்க நல்லவர்கள்தான். 146.

மார்ச் 14, வெள்ளி

141!!! சமையலறையில் கரண்டியோடு ஆடினேன். இவர் தாளம் போட்டார். நாத்தனார், "பாட்டரி போயிருக்கும்" என்றார். புது பாட்டரி போட்டும் 141.

மார்ச் 17, திங்கள்

சாயங்காலம் நாத்தனார் வரவில்லை. பார்த்துவிட்டு வரப் போன இவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

அக்கா இன்று காலை கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். என் வண்டியில். பின் வாசலில் ஏறிப் பின் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். என் குரல் ஸ்பீக்கரில் வந்திருக்கிறது — நிறுத்தத்தின் பெயர் மட்டும் இல்லை, எல்லாம்.

என்ன சொன்னேன்? ஐயோ, என்ன சொன்னேன்? மூணாவது சிக்னல்ல... ஆமா. "அந்தப் பட்டையைவிட அக்கா பேச்சுதான் கையை இறுக்குது. மெஷினைக் குடுத்துட்டு அவங்க கிளம்பினாலே எனக்குப் பத்து பாயின்ட் தானா இறங்கிடும்." பின்னாடி எல்லாரும் சிரிச்சாங்களாம். அக்கா முந்தின ஸ்டாப்பிலேயே இறங்கி நடந்தே போயிருக்காங்க. கண்ணுல மருந்து போட்டுட்டு வர வேண்டிய மனுஷி.

அந்தப் பொத்தான்! டீ கொட்டின அன்னைக்கே உள்ள போய் ஒட்டிக்கிட்டிருக்கு. ஒரு வாரம்! ஒரு வாரமா ஊரே கேட்டிருக்கு. என் முட்டிவலி, இவர் குறட்டை, மேனேஜர் தலையில இருக்கறது சொந்த முடியா வாங்கின முடியான்னு நான் யோசிச்சது — எல்லாத்தையும்! பச்சைக் குடை யாருக்கும் ஆள் இல்லை. பாவம், கதை கேட்டிருக்காங்க.

அளக்க மெஷின் இல்லை. காதுக்குள் அடிக்கிறதே, அதுவே போதும்.

மார்ச் 18

ஊசியால் பொத்தானைச் சுரண்டி எடுத்தேன். இப்போது கையை எடுத்தால் துள்ளி வெளியே வருகிறது. நிறுத்தத்தின் பெயரைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். ராகமும் இல்லை, ராசாவும் இல்லை. ஒரு வேன்காரன் குறுக்கே வந்தான். பழைய வார்த்தை பழையபடி வந்துவிட்டது. இறங்குகிறவர்கள் எல்லோரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். கோபமாகத்தான் இருக்கும்.

வேலை முடிந்து நேராக நாத்தனார் வீட்டுக்குப் போனேன். "அக்கா, நான் மனசுல வச்சு—"

"மனசுல இல்லாமயா வாயில வந்துச்சு?" உள்ளே போனார். மெஷினைக் கொண்டு வந்து என் கையில் வைத்தார். "இந்தா. நீ கேட்ட மாதிரியே நான் வரலை."

நானே கட்டி நானே அளந்தேன். 164. அவர் வராமல் இருந்தால் இறங்கும் என்றேனே, எங்கே இறங்கியது? சிவப்புப் புள்ளியை இவர் வைத்தார், கோணலாக.

மார்ச் 20

166. ஒன்பதாவது வழியை ஒட்டவைத்துவிட்டதாக இவர் ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

மார்ச் 21, வெள்ளி

மேனேஜரிடமிருந்து சீட்டு: "திங்கள் காலை ஒன்பது மணிக்கு அலுவலகத்துக்கு வரவும். புகார்ப் புத்தகத்தில் 17ஆம் நம்பர் வண்டி குறித்து." பத்து மணிக்கு டாக்டர். நல்ல வரிசைதான். முடிந்தது கதை.

தொலைந்த பொருள் அறையை எட்டிப் பார்த்தேன். நாற்காலிக்கு ஒரு கால் ஆடுகிறது. வெளியே வந்து என் வண்டியின் ஸ்டியரிங்கைக் கொஞ்ச நேரம் சும்மா பிடித்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது. அழுதேன். அதுவும் காசில்லாத வழிதான், ஆனால் ஒன்றும் இறங்கவில்லை.

மார்ச் 24, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

மேனேஜர் உட்காரச் சொல்லவில்லை. புத்தகத்தை என் பக்கம் திருப்பி, "படிங்க" என்றார்.

முதல் புகார்: "செவ்வாய்க்கிழமை முதல் 17ஆம் நம்பர் வண்டியில் ஓட்டுநர் பேசுவது கேட்கவில்லை. உடனே பழுது பார்க்கவும்."

புரியவில்லை. திரும்பப் படித்தேன். அடுத்தது: "ஏழு நாற்பது வண்டியில் பாட்டு நின்றுவிட்டது. என் மகள் காலையில் அடம் பிடிக்கிறாள்." அதற்கடுத்தது வட்ட வட்டமான எழுத்தில்: "நாத்தனார் விஷயம் என்ன ஆனது என்று தெரியாமல் பாதியில் நிறுத்துவது நியாயமா? — பச்சைக் குடை." பைக்கில் போன தம்பிகூட எழுதியிருக்கிறான். அன்று ஓரமாக நின்றானாம், பஸ்ஸில் இருந்தவர்கள் கை காட்டினார்களாம், ஏன் என்று கேட்டு அடுத்த நாளிலிருந்து பஸ்ஸிலேயே வருகிறானாம்.

மொத்தம் பதினான்கு. பதினான்காவது சாய்ந்த கையெழுத்து. எங்கள் ஃபிரிட்ஜில் அளவு எழுதுகிற அதே எழுத்து.

"நான்தான் அந்த நாத்தனார். அவள் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியை வீட்டில் பேசிக்கொள்கிறேன். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் பின் சீட்டில் போய்ப் பார்த்தேன். ஒருத்தர் முகத்திலும் சிரிப்பு இல்லை. சகிக்கவில்லை. மைக்கைப் போடச் சொல்லுங்கள்."

கண் ஆஸ்பத்திரி திங்கட்கிழமையோடு முடிந்துவிட்டது. பிறகு எதற்காக ஏறினார்? என்னைப் பார்க்கத்தான் ஏறியிருக்கிறார்! மேனேஜர் முன்னாலேயே சிரித்தேன், அழுதேன், மூக்கைச் சிந்தினேன்.

"மைக்கைச் சரி பண்ணச் சொல்லிட்டேன்" என்றார் மேனேஜர். வாசலுக்குப் போனதும் பின்னாலேயே குரல்: "ஏம்மா — என் தலைமுடியை மட்டும் விட்டுடுங்க."

அப்படியே டாக்டர் அறை. பட்டை இறுகியபோது முணுமுணுக்க ஆரம்பித்தேன். "பேசக் கூடாது" என்றார். "பேசலை டாக்டர், இது ராகம்."

136. கீழே 86.

மறுபடி கட்டினார். 134. "என்னம்மா மருந்து எடுத்தீங்க?"

"கிழிஞ்ச பேப்பர், டாக்டர்."

மாதம் ஒரு தடவை வந்து காட்டச் சொன்னார். வண்டியை எடுத்துக்கொண்டு டிப்போவை விட்டு வெளியே வந்தபோது முதல் ஆளாகக் குறுக்கே வந்தவன் அதே வேன்காரன். அவன் குடும்பம் பிள்ளைகுட்டியோடு நூறு வருடம் நன்றாக இருக்கட்டும் என்றேன்.

மார்ச் 26, புதன்

மெக்கானிக் பொத்தான்மேல் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருக்கிறார். வேண்டும்போது மாட்டிப் பொத்தானை அமுக்கியே வைக்கலாம், வேண்டாதபோது கழற்றலாம்.

ஏழு நாற்பது வண்டியில் நாத்தனார். கடைசி நிறுத்தம் வந்ததும் முன்னால் வந்தார். பையிலிருந்து மெஷினை எடுத்தார். நேற்று நான் திருப்பிக் கொடுத்தது. திரும்பும் நடைக்கு ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள், பச்சைக் குடையும் ஏறினார்.

"கையை நீட்டு" என்றார். கட்ட ஆரம்பித்தார். "காலையில டீயில எத்தனை ஸ்பூன் போட்டே? பொய் சொல்லாதே. என் தம்பிக்கு வாயைத் திறந்து சொல்லத் தெரியாது. அவன் பள்ளிக்கூடத்துல தவளையை மட்டும்தான் திருத்துவான்..."

பின்னால் ஒருவர் சிரித்தார். அப்புறம் நாலு பேர். நாத்தனார் திரும்பிப் பார்த்தார். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. மறுபடி என் சர்க்கரைக்கே வந்தார்.

ரப்பர் பேண்ட் மாட்டியபடியே இருந்தது. பார்த்தேன். கழற்றவில்லை.

132.