நான்காவது வரி

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நானே வைத்துக்கொள்கிறேன். நீ எழுதித் தெரிந்துகொள்ளும் பாக்கியம்தான் எனக்கு இல்லையே! குருவி போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. என் மகள் காரியத்துக்கு வந்துவிட்டுப் போனவள், அதற்கப்புறம் ஒரு வரி போடவில்லை. பெரியம்மா என்று பேர் மட்டும் பெரிசு.

வேலைக்குக் குறைவில்லை. ஊரில் பாதிப் பேர் நான் செய்து கொடுத்த பல்லால்தான் சிரிக்கிறார்கள். ஆனால் பத்து நாளாகப் பல் அச்சு எதுவும் காய மாட்டேன் என்கிறது. வேலை அறைச் சுவர் முழுக்க ஈரம். மழை இல்லை, குழாயும் உடையவில்லை. இவர் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் புரியலையே" என்று தலையைச் சொறிகிறார். அதற்கு முந்தின வாரம் வாசல் விளக்கு, கூடத்து விளக்கு, குருவியின் மேசை விளக்கு மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. புது பல்பு போட்டும் எரியவில்லை.

உனக்கு ஞாபகம் வராமல் இருக்காது. உன் மாயக்கதையின் முதல் பாகத்தில், மகள் குருவியாகிப் பறந்துபோனதும் ராணி அழுகிறாளே, அவளுக்குப் படகுக்காரி சொல்லும் குறி:

மூன்று விளக்கும் அணைந்த பின்னே
ஊன்றிய சுவரில் ஈரம் ஊறும்;
போன குருவி வாசலில் நிற்கும்;
தானே வராது, பேர்சொல்லி அழை.

நீ இதை எழுதியபோது என் குருவி எங்கேயும் போகவில்லை. உன் மடியில் உட்கார்ந்து உன் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் எப்படி அக்கா "போன" என்று எழுதினாய்? கோபத்தில் கேட்கவில்லை. இரண்டு வரி பலித்துவிட்டது, அதனால் கேட்கிறேன். மூன்றாம் பாகத்தில் அந்த ராணிக்கு மகள் கிடைக்கிறாளா? அதை மட்டும் எனக்கு முன்னாலேயே சொல்லிவிடு. வாசற்கதவைத் தாழ்ப்பாள் போடாமல் வைத்திருக்கிறேன்.

உன் பல்லுக்காரி

~

மார்ச் 15

என் பல்லுக்காரிக்கு,

நீ கேட்டதைத்தான் பதினான்கு மாதமாக என்னையே நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உனக்கு எழுதாமல் இருந்ததற்கு அதுதான் காரணம். எழுத உட்கார்ந்தால் அந்த ஒரு சொல் முன்னால் வந்து நிற்கிறது.

என் வழக்கம் உனக்குத் தெரியும். முதலில் குறி சொல்லும் பாட்டை எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவிடுவேன். கதை என்னவென்று அப்போது எனக்கே தெரியாது. பாட்டு இழுத்த பக்கம் கதையைக் கொண்டுபோவேன். அன்றைக்கு அவள், "என்னை வச்சு எழுது பெரியம்மா" என்று உயிரை எடுத்தாள். அரைமணி நேரத்தில் எழுதினேன். வீட்டிலேயே இருக்கிற குருவியை வைத்து என்ன கதை எழுதுவது? அதற்காகப் போட்ட "போன" அது. அவள் படகிலிருந்து விழுந்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சத்தியமாக இல்லை.

உன் வீட்டு வயரிங் அரதப் பழசு. உன் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தது போதும், ஒரு எலக்ட்ரீஷியனைக் கூட்டிவரச் சொல். கதவைத் தாழ்ப்பாள் போடு. நாம் இரண்டு பேரும்தானே அவளைக் கடைசியாகக் குளிப்பாட்டிப் புதுச்சட்டை போட்டு அனுப்பினோம்? பொத்தான் போட்டது நான்.

மூன்றாம் பாகம் ஒரு எழுத்துகூட நகரவில்லை. ராணிக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் முதல் பாகம் மறுபதிப்புக்குப் போகிறது. அதில் நான்காவது வரியை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். கூப்பிட்டால் வந்துவிடுவாள் என்று ஒரு தாயை நம்பவைக்க நான் யார்? நீ என்மேல் கோபப்பட்டாலும் பரவாயில்லை. வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

~

ஏப்ரல் 20

பல்லுக்காரி,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. புதுப் பதிப்பை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பாட்டு மூன்று வரியோடு நின்றுவிடும். என் அலமாரியில் இருந்ததிலும் கடைசி வரியைக் கத்தரித்துக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

பதில் போடு. திட்டியாவது போடு.

அக்கா

~

மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தகம் கிடைத்தது. மறுநாள் மத்தியானம் அவள் வந்தாள்.

நீ நினைப்பது தெரிகிறது. நான் தெளிவாகத்தான் இருக்கிறேன். நல்ல வெயில். பல் ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தால், வாசற்படிக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள், நீ பொத்தான் போட்ட சட்டையோடு. போகும்போது இல்லாத முன்பல் முளைத்திருக்கிறது. கொஞ்சம் சாய்வாக. மற்றதில் வேண்டுமானால் என்னைப் பைத்தியம் என்று சொல், பல் விஷயத்தில் நான் ஏமாற மாட்டேன்.

பேர்சொல்லிக் கூப்பிட்டேன் அக்கா. செல்லப்பேர் சொன்னேன், பள்ளிக்கூடத்துப் பேரும் சொன்னேன். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள், காலைத் தூக்குகிறாள், மறுபடி அங்கேயே வைத்துவிடுகிறாள். பாதி ஒப்பித்துவிட்டு மீதி மறந்துபோன பிள்ளை மாதிரி என் வாயைப் பார்க்கிறாள். நான் வெளியே இறங்கினால் அங்கே யாரும் இல்லை, தரை மட்டும் ஈரமாக இருக்கிறது. உள்ளே வந்து திரும்பினால் நிற்கிறாள். இவர் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனாலும் வாசலில் அவள் நிற்கிற இடத்தை விட்டு ஒதுங்கித்தான் நடக்கிறார். ஏனென்று கேட்டால், "நான் எங்க ஒதுங்கினேன்?" என்கிறார்.

உன்மேல் கோபமில்லை. என் நல்லதுக்குத்தான் செய்தாய். ஆனால் நீ எழுதினபடிதானே அவள் வந்திருக்கிறாள்? நிற்கும் என்பதோடு நீ நிறுத்திவிட்டாய், அவளும் நின்றுவிட்டாள். அந்த வரியைத் திருப்பிப் போடச் சொல். அச்சுக்காரர் முடியாது என்றால் உன் கையாலாவது எழுதி உடனே அனுப்பு. உன் பதிலை வாங்க இவர் தினமும் தபால்காரரை வழியிலேயே போய்ப் பார்க்கிறேன் என்றிருக்கிறார்.

இன்றோடு ஐந்து நாள் ஆகிறது. உட்காரச் சொல்லியும் பார்த்துவிட்டேன், உட்கார மாட்டேன் என்கிறாள். சின்னப் பிள்ளை அக்கா, கால் வலிக்கும்.

குருவியின் அம்மா