சம்மந்தி வீட்டுத் தொட்டியில் பச்சை

12-8-2005, வெள்ளி
புழுக்கம். ஆடி என்பதால் கடையில் ஈ ஓட்டும் வேலை மட்டும்.

மீன்தொட்டித் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன். வயது நாற்பத்தெட்டு. உப்புக் கரித்தது. அம்மோனியா ருசி எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

சம்மந்தி குடும்பத்தோடு பெங்களூரில், சேலை விற்க. வீட்டுச் சாவி, கடல் மீன் ஜோடி இரண்டும் என் தலையில். கிளம்பும்போது சொன்னது: "இந்த ஜோடி வந்த நேரந்தான் பையனுக்கு உங்க பொண்ணு அமைஞ்சுது. ஒன்னு செத்தாலும் கல்யாணத்தை யோசிக்கணும் சம்மந்தி." அவர் சிரித்தார். கூட யாரும் சிரிக்கவில்லை.

தினமும் டெஸ்ட். குழாயில் தொட்டித் தண்ணீர், இரண்டு பாட்டில் மருந்தில் சில சொட்டு. மஞ்சள் நல்லது. பச்சை என்றால் அம்மோனியா, மீனுக்கு விஷம்.

இன்று பச்சை.

13-8, சனி
மேகம். மழை இல்லை. தூக்கமும் இல்லை.

டிரம்மில் சம்மந்தி கரைத்து வைத்த உப்புத் தண்ணீரை ஊற்றிப் பாதித் தொட்டி மாற்றம். மறுபடி டெஸ்ட். சாயப்பட்டறை வைத்திருக்கும் மச்சானை அழைத்தேன். நிறத்தில் அவன் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது.

"இன்னாத்துக்கு மாமா இவ்ளோ ஜல்தி? சாயம் ஏற வேணாவா? ஊறட்டும்."

டீ. எதிர்வீட்டு வம்பு. மறுபடி டீ. ஒரு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பார்த்து, "கிளிப்பச்சை," என்றான்.

என் மனைவி: "வாழைக்குருத்துடா."

"உனக்குக் கண்ணு பூட்ச்சாக்கா?"

டெஸ்டோடு வந்த நிற அட்டையில் ஏழெட்டு நிறம். இவர்களுக்கு எழுபது. எனக்குத் தெரிந்தது ஒன்று: கல்யாணம் நிற்கிற நிறம்.

பெண் மீன் மணலில் கிடக்கிறது. தூக்கமா, வேறா? கண் மூடாத ஜாதி, எப்படிக் கண்டுபிடிப்பது.

14-8, ஞாயிறு
டெஸ்ட் பெட்டிக்குள் இருந்த காகிதத்தை மகள் படித்தாள். "அஞ்சு நிமிஷத்துல பாத்துடணும்னு போட்டுகீதுப்பா. லேட்டானா நம்பக்கூடாதாம். நீங்க ரெண்டு பேரும் கதை பேசிகினு இருந்தீங்களே."

பட்டுநூலை ஊறப்போடுவது போல இதையும் போட்டிருக்கிறான் மச்சான். நானும் கூடவே உட்கார்ந்திருக்கிறேன்.

இன்று ஐந்தாவது நிமிடம் பார்த்தேன். டியூப்லைட்டில் பச்சை. வாசல் வெயிலில் மஞ்சள். எதை நம்ப? மீனிடம் மன்னிப்புக் கேட்டேன். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

15-8, திங்கள்
தெருவில் கொடி, ஆரஞ்சு மிட்டாய். மீன் இரண்டுக்கும் உயிர் இருக்கிறது. தீனி போடும்போதே வாசலில் சம்மந்தி, பெட்டியோடு மாப்பிள்ளை. தகவலே இல்லாமல் ஒருநாள் முன்னதாக.

நேற்றைய குழாயை நான் கழுவவில்லை. ராத்திரி முழுக்க ஊறி, பாசிப்பச்சை. சம்மந்தி அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மகளின் பத்திரிகை, மண்டபம், சமையல்காரர் எல்லாம் கண்முன் ஓடின.

"நல்ல மஞ்சள் சம்மந்தி. கைராசிக்காரர் நீங்க."

மாப்பிள்ளை என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், குரலைத் தாழ்த்தி: "வெளிய சொல்லிடாதீங்க மாமா. அப்பாவுக்குப் பச்சையும் மஞ்சளும் ஒன்னாத்தான் தெரியும்."

தொட்டி வாங்கிய நாளிலிருந்து டெஸ்ட் பார்ப்பது சம்மந்தி மட்டும்தானாம்.