வள்ளத்தில் வைத்த பூ

1953 மே 4, திங்கள்

அக்கினி நட்சத்திரம் இன்று ஆரம்பம். காலையிலேயே முற்றத்தில் கால் வைக்க முடியவில்லை. பள்ளிக்கூடம் லீவு என்பதால் வீட்டு வேலை முழுதும் டீச்சரான என் தலையில். உளுந்து காயப்போட்டது, தலையணை உறை துவைத்தது, அடுக்களைப் பரண் துடைத்தது. பரணில் ஒரு பூரான். அடித்தாயிற்று.

மத்தியானம் மாமி வந்தாள், குழித்துறையிலிருந்து பஸ்ஸில், இந்த வெயிலில் தனியாக. அம்மாவின் அண்ணன், என் மாமா, இறந்தபிறகு அவள் இங்கே வருவதே அபூர்வம். வரும்போது ஒரு பொட்டலம் ஏத்தங்காய் வறுத்த உப்பேரி வேறு.

வந்த விஷயம்: அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழித்துறை ஆற்றில் வள்ளம் ஏற்பாடு பண்ணியிருக்கிறார்களாம். தேங்காய்ப்பட்டணம் அழிமுகம் வரை போய்த் திரும்புவது. மாமியின் மகன் தாணு அத்தானின் சீனியர் வக்கீல் குடும்பமும் வருகிறதாம். பகவதியை நாலு நாளைக்கு அனுப்பு, பிள்ளை எங்கேயும் போனதில்லை அல்லவா என்று அம்மாவிடம் சொன்னாள். அத்தான்தான் என்னைக் கூட்டிவரச் சொன்னாரா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. அவர்தான் சொல்லியிருப்பார்.

எனக்குப் பாவாடை வயதில் மாமா இதே முற்றத்தில் நாலு பேர் முன்னால் சொன்னது: தாணுவுக்குப் பகவதிதான். அதன்பிறகு யார் பெண் கேட்டு வந்தாலும் அப்பாவிடம் ஒரே பதில். பிள்ளையைப் பேசி வைத்தாயிற்று. அத்தான் பி.ஏ. முடிக்கட்டும் என்றார்கள், பி.எல். முடிக்கட்டும் என்றார்கள், கோர்ட்டில் காலூன்றட்டும் என்றார்கள். கால் ஊன்ற இத்தனை நாளா? எனக்கு இருபத்துமூன்று. என்னோடு படித்தவளுக்கு இரண்டு பிள்ளை.

கொண்டுபோக வேண்டியவை: முந்திரிக்கொத்து, முறுக்கு, அரக்குச் சேலை, மயில்கழுத்துச் சேலை. பூ. மாமி புறப்படும்போது மறக்காமல் சொன்னாள், தோவாளைப் பிச்சி நிறைய வேண்டும் என்று.

மே 9, சனி. கு.துறை

இருட்டோடு அப்பாவும் நானும் தோவாளைச் சந்தை. பிச்சிமொட்டு வாங்கி, வாழைத்தடைப் பட்டையில் வைத்து, ஈரத்துணி சுற்றி. அப்பா பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பிவிட்டார். நா.கோவிலில் பஸ் மாறும்போது ஜன்னல் ஓரம் கிடைத்தது. தக்கலை தாண்டும்வரை தூங்கவில்லை. பின்சீட்டில் இரண்டு பேர் சண்டை, எங்கள் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேருவது பற்றி. ஒருவர் கேட்டார், "சேந்தா மட்டும் பஸ்ஸு நேரத்துக்கு வருமா வே?"

ஸ்டாண்டில் அத்தான், குடையோடு. பையை வாங்கிக்கொண்டார். வெயில் ஜாஸ்தி என்றார். ஆமாம் என்றேன். ஆறு மாதத்துப் பேச்சு அதோடு முடிந்தது. ஆனாலும் வீடு வரை குடை என் தலைக்கு மேலேதான் இருந்தது, அவர் தோள் வெயிலில்.

மத்தியானம் முழுக்கப் பூக் கட்டினேன். மாமி தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நெருக்கிக் கட்டு, நெருக்கிக் கட்டு என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மே 10, ஞாயிறு

இன்று நிறைய எழுத வேண்டும், கை வலித்தாலும் சரி.

பாலத்துக்குக் கீழே படித்துறை. பெரிய வள்ளம். நடுவில் தென்னங்கீற்றுக் கூரை, அடியில் புதுப்பாய். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், கழி ஊன்றித் தள்ள. நான் கால் வைத்ததும் வள்ளம் ஆடியது. அத்தான் கையைப் பிடித்து ஏற்றினார். பிடித்தவர் உடனே விடவில்லை. (இதை யாரும் படிக்கப்போவதில்லை. எழுதலாம்.)

வந்தவர்கள்: வக்கீல், வக்கீல் அம்மா, அவர்கள் மகள் விமலா. இந்தப் பக்கம் மாமி, அத்தான், நான். விமலா திருவனந்தபுரத்தில் காலேஜ். மூக்குக்கண்ணாடி. பேசுவதில்லை, கேட்டால் சிரிப்பு. எனக்குப் பிடித்தது.

ஆறு. என்ன சொல்ல? எங்கள் ஊர்க் குளத்தையும் பழையாற்றையும் பார்த்த கண்ணுக்கு இது வேறு. தண்ணீர் பச்சை. இரண்டு கரையும் தென்னை சாய்ந்து நிழல் போட்டு, வெயில் என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. மீன்கொத்தி. குளிக்கும் எருமைகள், தலை மட்டும் வெளியே. கயிறு திரிக்கும் பெண்கள் கை காட்டினார்கள், நானும் காட்டினேன். கயிற்றுக்குத் தேங்காய் மட்டைத் தொண்டு அழுகப் போட்டிருக்கும் இடம் வந்ததும் வ.அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அந்த நாற்றம்கூட இன்றைக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

நான் ஓரத்தில் உட்கார்ந்து கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டே வந்தேன். ஒரு தாமரைக் கொடியைப் பிடிக்க எழுந்தபோது பின்னால் இருந்தவர் அதட்டினார்: "எழும்பப்படாது கேட்டியளா, வள்ளம் மறியும்." எல்லோரும் சிரித்தார்கள். அத்தானும்.

வக்கீல் பள்ளிக்கூடத்தைப் பற்றி விசாரித்தார். ஒரே அறையில் மூன்று வகுப்பு எப்படி நடத்துவாய் என்றார். ஒரு வகுப்பு படிக்கும்போது மற்ற இரண்டும் தூங்கும் என்றேன். கெட்டிக்காரி என்று மாமியிடம் சொன்னார். மாமி முகத்தில் அத்தனை பெருமை. என் மருமகள் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அழிமுகத்தில் இறங்கினோம். இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் கடல், நடுவே மணல்திட்டு. அலை சேலையை முட்டுவரை நனைத்தது. புளிச்சோறு, தயிர்ச்சோறு, துவையல். என் முந்திரிக்கொத்தை வக்கீல் மூன்று தின்றார். அத்தான் நுங்கு சீவி எல்லோருக்கும் கொடுத்தார், எனக்குத் தோல் எடுத்து.

திரும்பும்போது மாமி விமலாவைப் பாடச் சொன்னாள். நல்ல குரல், பாதியில் வெட்கப்பட்டு நிறுத்திவிட்டாள். அப்போது மாமி என்னிடம், "ஏட்டி பகவதி, அந்தப் பூவை எடுத்து விமலாவுக்கு வச்சு விடு. நாலரைக்குள்ள வச்சிரு, வாடிரும்" என்றாள். பாதிப் பூ எனக்கு என்று நினைத்திருந்தேன். மாமி முழுச் சரத்தையும் எடுத்து வைக்கச் சொன்னாள். பரவாயில்லை, அவள் வீட்டு விருந்தாளி. முடியை ஒதுக்கி, இரண்டு ஊசி குத்தி, சரம் அசையாமல் வைத்தேன். அழகாக இருந்தது. விமலா தலை நிமிரவே இல்லை. வ.அம்மா கண்ணைத் துடைத்தாள். மாமியும். மாமாவை நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. பிறகு வ.அம்மா டப்பாவைத் திறந்து எல்லோருக்கும் கற்கண்டு கொடுத்தாள். எனக்கும்.

கன்னம் வெயிலில் எரிகிறது. நல்ல நாள். இப்படி ஒரு நாள் எனக்கு இதுவரை இல்லை.

மே 11, திங்கள்

எழுதவே பிடிக்கவில்லை. எழுதாவிட்டால் யாரிடம் சொல்ல?

காலையில் கிணற்றடி. அடுத்த வீட்டுப் பாருக்குட்டி அக்கா வாளியோடு வந்தாள். அண்ணனுக்குக் கல்யாணம் உறப்பிச்சாச்சு இல்லியா என்றாள். எந்த அண்ணன் என்றேன். அவள் சிரித்தாள்: "ஒனக்கு எத்தன அண்ணன்? தாணுவுக்குத்தான். வக்கீல் வீட்டு அம்மை அம்பலத்தில சாமி கும்பிட வந்தப்போ சொன்னாளே, மாப்பிள தங்கச்சி வள்ளத்தில வச்சே பூ வச்சுட்டான்னு."

வாளி கிணற்றுக்குள் போய்விட்டது. எடுக்கவில்லை.

பெண்ணைப் பிடித்திருந்தால் மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி பூ வைப்பாள். வைத்தால் நிச்சயம். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம். நானே எங்கள் தெருவில் இரண்டு கல்யாணத்துக்குப் பூத்தட்டு ஏந்திப் போயிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகுகாலம் என்பதும் தெரியும். வள்ளத்தில் ஒன்றும் தோன்றவில்லை. சந்தோஷமாக இருந்தேன், அதனால் தோன்றவில்லை. வெட்கக்கேடு.

மாமி அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். என் கையாலேயா வைக்கச் சொன்னியள் என்று கேட்டேன். துருவுவதை நிறுத்தவில்லை.

"நான் தாலியறுத்தவ. நான் பூவைத் தொடலாமாட்டி? அவனுக்குக் கூடப்பொறந்தவளும் இல்ல. ஒன்னை விட்டா நம்ம வீட்டில யாரு இருக்கா?"

பிறகு எல்லாம் வந்தது, கொஞ்சம் கொஞ்சமாக. வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனால் பெண்ணுக்குப் பேர் கெடும், அதனால் ஊருக்குத் தெரியாமல் வள்ளத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றது வ.அம்மா. பையனுக்கு முறைப்பெண் ஒருத்தி இருக்கிறாளாமே என்றும் அவர்கள் கேட்டிருக்கிறார்கள். அவள் தங்கச்சி மாதிரி வளர்ந்தவள், வேண்டுமானால் அவளே வந்து பூ வைப்பாள் என்று மாமி சொல்லியிருக்கிறாள். முறைப்பெண்ணே பூ வைத்தபிறகு யார் என்ன பேச முடியும்? சீனியர் வக்கீலின் மருமகன் ஆகிவிட்டால் தாணுவுக்குக் கோர்ட்டில் பயம் இல்லை. எனக்கும் நல்ல இடமாக அவளே பார்த்துத் தருவாளாம்.

ஆக என்னைக் கூப்பிட்டது ஆறு பார்க்க இல்லை. என் வாயை என் கையாலேயே அடைக்க. பிச்சி வாங்கியது நான், கட்டியது நான், வைத்தது நான். கற்கண்டும் தின்றேன்.

விமலா மேல் கோபம் இல்லை. அவளுக்கு யார் என்ன சொல்லி வைத்திருக்கிறார்களோ.

மே 12, செவ்வாய்

முதல் பஸ். மாமி இருந்து போ என்றாள், இருக்கவில்லை. அத்தான் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார். குடை இன்றும் என் பக்கம் சாய்ந்தது. நான் விலகி வெயிலில் நடந்தேன்.

ஸ்டாண்டில் அவராகவே ஆரம்பித்தார். அம்மை சொன்னா, நான் என்ன செய்ய, பகவதி? அப்பா போனபிறகு அவள் பட்டபாடு உனக்குத் தெரியாதா? இப்படியே ஏதேதோ. கோர்ட்டில் இந்தக் குரலில் பேசினால் ஒரு கேஸும் ஜெயிக்காது.

"வள்ளத்தில ஏறும்போ என் கையைப் பிடிச்சியளே அத்தான், அது யாரு சொல்லிப் பிடிச்சது?"

அவர் பஸ்ஸைப் பார்த்தார். பஸ்ஸில் பார்க்க ஒன்றுமில்லை, டிரைவர்கூட இன்னும் ஏறவில்லை.

தக்கலை வரை அழுகை. நல்லவேளை, பக்கத்து சீட்டில் இருந்தவள் தூங்கிவிட்டாள்.

மே 13, புதன்

வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்திருக்கிறேன். அம்மா சுக்குக் கஷாயம். அப்பா இரண்டு தடவை வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். வள்ளம் பெரிதா, எத்தனை பேர் உட்காரலாம், தாணு நல்லா இருக்கானா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம்.

நேற்று மாலை ஒரு மழை. பேருக்கு.

மே 15, வெள்ளி

அம்மாவிடம் சொல்லிவிடுவது என்று எழுந்தேன். இரண்டு நாளாக ஒத்திகை. கேட்டதும் மாரில் அடித்துக்கொள்வாள், குழித்துறைக்கு ஓடுவாள், மாமியின் முடியைப் பிடிப்பாள் என்றெல்லாம் நினைத்து எனக்கே பயம்.

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பூ வைத்ததுவரை சொல்லி முடித்தேன். முறத்திலிருந்து தலை நிமிரவில்லை.

"அவளே சொல்லிட்டாளா ஒங்கிட்ட?" என்றாள்.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். மாமி உப்பேரி கொண்டுவந்த அன்றைக்கே எல்லாம் சொல்லிவிட்டாளாம். தெரிந்துதான் என்னைச் சேலை மடித்து அனுப்பியிருக்கிறாள்.

"நான் மாட்டேன்னு சொன்னா எங்க அண்ணன் வீட்டு வாசல் எனக்கு அடைஞ்சிரும், மக்கா. எனக்குப் பொறந்த வீடுன்னு வேற எது இருக்கு?"

அதற்கு என் கைதானா கிடைத்தது என்று கேட்டேன். ஒரு கல்லை எடுத்து எறிந்தாள். கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன் என்றேன். நீ வரண்டாம், நான் போவணும், மாப்பிள்ளைக்கு நான்தானே அத்தை என்றாள். அப்பாவிடம் இப்போது ஒன்றும் சொல்லாதே, நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்று கையைப் பிடித்தாள். மாமி ஏமாற்றினாள், அத்தான் ஏமாற்றினார். அதைத் தாங்கிக்கொள்ளலாம் என்று இந்த மூன்று நாளும் நினைத்திருந்தேன். அம்மா என்று ஒருத்தி இருக்கிறாள் என்ற தைரியத்தில்தான் நினைத்தேன்.

மத்தியானம் அப்பா வயலிலிருந்து வந்து கால் கழுவினார். இலை போட்டது. சோற்றில் கை வைக்கும்போது கேட்டார், கல்யாணத்தை எந்த மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று மாமி ஏதாவது சொன்னாளா என்று. ஆவணியிலன்னு சொல்லுதா என்றாள் அம்மா. அப்பா சிரித்துவிட்டார். அறுப்பு முடிந்துவிடும், தோதுதான், பிள்ளைக்குப் பட்டு எடுக்க நா.கோவிலுக்கு எல்லோருமாகப் போகலாம் என்றார்.

"கல்யாணம் அத்தானுக்குத்தாம்பா. எனக்கு இல்ல. பூ நான்தான் வச்சேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா அம்மாவைப் பார்த்து, நீ அறிவியா என்று மட்டும் கேட்டார். அவள் சுவரைப் பார்த்தாள். அப்பா எழுந்து கையைக் கழுவிவிட்டு, துண்டு எடுக்காமல் வயலுக்கே திரும்பிப் போய்விட்டார். இலையில் சோறு அப்படியே இருக்கிறது.

இருட்டிவிட்டது. அவர் இன்னும் வரவில்லை. அம்மா தூணோரம் உட்கார்ந்து அழுகிறாள். இப்போதுதான் என்னிடம் கேட்டாள்:

"ஒனக்கு எம்மேல கொஞ்சம்கூட எரக்கம் இல்லியாட்டி?"